மிதித்தேனா

பெரிசாகவே போட்டுவிடு என்று காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார் மாமா. கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் புருஷனைக் கூப்பிட என் வாயில் மாமாதான் வருகிறது. எது பெரிசு என்று அவருக்குத் தெரியாது. பம்புக்கு வார்ப்பு ஊற்றுகிற குடும்பத்தில் பெரிசு என்றால் எடை, எடை என்றால் உறுதி, அவ்வளவுதான் கணக்கு. இங்கே மெக்கானிக் சிவராசுவின் ஷெட்டில் அந்தப் பெரிசு ஒரு பெட்டிக்குள் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஆறு பிஸ்டன் வைத்த காலிப்பர், கூடவே சாப்பாட்டுத் தட்டைவிட அகலமான டிஸ்க். டிஸ்க் சக்கரத்தோடு சுற்றும், காலிப்பர் அதை இரண்டு பக்கமும் பேடால் கவ்விப் பிடிக்கும், வண்டி நிற்கும். பிரேக் என்பது ஒரு தட்டும் ஒரு இடுக்கியும், இதற்குப் போய்த்தான் எனக்கு இத்தனை நாளாகத் தூக்கமில்லை. பக்கத்தில் இன்னொரு பெட்டி, அது நடுத்தரம். இருக்கிற காலிப்பர் அப்படியே இருக்கட்டும், கோடு வெட்டிய புது டிஸ்க், கம்பி பின்னிய ஹோஸ், சூடு தாங்குகிற பிரேக் ஆயில். மூன்றாவது பெட்டிகூட இல்லை, ஒரு காகித உறை. உள்ளே போன தடவை போட்டிருந்த அதே வகைப் பேடு, புது செட். மூன்றையும் மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு, "யோசிங்க்கா, ஒண்ணும் அவசரமில்லீங்க" என்று சிவராசு வெளியே நிற்கிற வேனுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான். அவனுக்கு அவசரமில்லை. வருகிற ஞாயிறு செட்டிபாளையம் ரேஸ் டிராக்கில் யாரும் சொந்த வண்டியை ஓட்டலாம் என்கிற டிராக் நாள், நான் போக வேண்டும். இந்த ஞாயிறு போகவில்லையென்றால் இனி எப்போதும் போகமாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

போக வேண்டும் என்று சொல்லும்போதே வலது கால் தரையை அழுத்துகிறது. இதோ, இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும்போதும். ஃபவுண்டரி ஆபீசில் கஸ்டமரோடு பேசிக்கொண்டிருக்கும்போது மேசைக்கடியில் இதே வேலைதான் நடக்கிறது. அவிநாசி ரோட்டில் வீட்டு வண்டியை ஓட்டிக்கொண்டு போனால் சிக்னலுக்கு எங்கேயோ இருக்கும்போதே பிரேக்கை மிதித்துவிடுகிறேன், பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திவிட்டு, ஏனம்மணி நடு ரோட்டுல படுக்கற என்கிறார். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள், நான் அடுப்பே இல்லாத இடத்திலும் பயப்படுகிறேன். போன தடவை டிராக்கில் என்ன நடந்தது என்பதை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தாலும் ஒரே இடத்தில்தான் போய் மாட்டுகிறது. லாரியில் ஏற்றித்தான் வண்டியைக் கொண்டுபோனோம், இரண்டே சீட்டு உள்ள என் மஞ்சள் வண்டி, இறக்கினதும் நேராக டிராக். முதல் சுற்று மெதுவாக. பிரேக்கைத் தொட்டபோது ஈரச் சோப்பை மிதித்ததுபோல் ஒரு வழவழப்பு. டிராக் பேடு சூடேறினால்தான் கடிக்கும், பச்சையாக இருக்கும்போது இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். சரி, சூடேறட்டும். இரண்டாவது சுற்று, நீள நேர்கோடு, கைகள் இரண்டும் சும்மா இருக்க என்ஜின் மட்டும் வேலை செய்கிற அந்தச் சந்தோஷம், அதற்காகத்தானே இதெல்லாம். திருப்பத்துக்கு முன்னால் பிரேக் பிடிக்க அடையாளமாக நட்டிருக்கிற பலகை வந்தது. மிதித்தேன். பெடல் கல்லாய் நின்றது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. மறுபடி மிதித்தேன், கல். திருப்பம் என்னைவிட்டுப் பக்கவாட்டில் போனது, புல், மண், கண்ணாடி முழுக்கத் தூசி, அப்புறம் டயர் அடுக்கிய சுவர் முகத்துக்கு நேராக வளர்ந்துகொண்டே வந்து ஒரு இடத்தில் நின்றது. வளர்ந்தது சுவரில்லை, நான்தான் போயிருக்கிறேன். கொடி காட்டுகிறவர் ஓடிவந்து கதவைத் திறந்து முதலில் கேட்டது அடிபட்டதா என்று இல்லை. "ஏன் மேடம் பிரேக் அடிக்கல?"

ஏன் மேடம் பிரேக் அடிக்கல. அடித்தேன் என்றேன். அவர் தலையாட்டினார், ஆனால் அந்தத் தலையாட்டலை நான் நம்பவில்லை. பின்னால் வேறு வண்டி வரவில்லை, பிரேக் விளக்கு எரிந்ததா என்று பார்த்தவர் யாருமில்லை. தண்ணீர் குடித்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தபோது ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இரண்டு பேர் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. "காலு ஒறஞ்சிருக்கும், மொதல் தடவ எல்லாருக்கும் ஆகறதுதான்." முதல் தடவையா, நாலு வருஷமாக ஓட்டுகிறேன். ஆனால் அந்தச் சொல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. உறைந்திருந்தால்? மிதித்ததாக நினைத்துக்கொண்டு மிதிக்காமல் இருந்திருந்தால்? கனவில் ஓடுகிறோமே, கால் அசைவதில்லை, ஆனால் ஓடிய களைப்பு இருக்கிறது. கல் மாதிரி இருந்தது பெடலா, என் காலா? பிரேக்கா, நானா? இதற்குப் பதில் தெரியாமல் எந்தப் பெட்டியை வாங்கி என்ன. பிரேக்தான் என்றால் சிவப்புப் பெட்டியை மாட்டினால் முடிந்தது. நான்தான் என்றால் ஆறு பிஸ்டன் இல்லை, அறுபது பிஸ்டன் வைத்தாலும் மிதிக்கிற கால் என்னுடையதுதானே. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், கூடத்தை இடித்துக் கட்டிவிட்டு மறுபடி ஆடப் போகிறேன். மாமாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வண்டி கொஞ்சம் மண்ணில் இறங்கிவிட்டது, பிரேக் பத்தவில்லை, மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அதற்குத்தான் பெரிசாகவே போட்டுவிடு.

சிவராசு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து சிவப்புப் பெட்டியை என் பக்கம் ஒரு விரலால் நகர்த்தினான். வியாபாரி. நல்ல வியாபாரி, ஓட்டத் தெரிந்த வியாபாரி, அதுதான் ஆபத்து. "உங்களுக்கு ஆயில் கொதிச்சிருச்சுங்க்கா. இந்தச் சின்ன டிஸ்க்கு சூட்ட எங்க வெக்கும்? பாருங்க, பேடு மூஞ்சி கண்ணாடியாட்டம் ஆயிருச்சு" என்று கழற்றி வைத்திருந்த பழைய பேடுகளைக் காட்டினான். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. ஆயில் கொதித்தால் அதில் காற்று சேரும், காற்று அமுங்கும், பெடல் தரை வரை போகும். இது அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். "இல்ல சிவராசு, பெடல் உள்ள போகவே இல்ல. கல்லாட்டம் நின்னுச்சு." அவன் சிரிக்கவில்லை, அவ்வளவு மரியாதை உண்டு. "அந்த நேரத்துல அப்பிடித்தானுங்க்கா தோணும்." அந்த நேரத்துல. பயத்துல என்று சொல்லாமல் சொல்கிறான். இரண்டாவது சுற்றிலேயே கொதிக்குமா என்று கேட்கலாம், கேட்டால் அதற்கும் ஒரு பதில் வைத்திருப்பான். இதில் இன்னொன்று, சிவப்புப் பெட்டியின் டிஸ்க் என் சக்கரத்துக்குள் அடங்காதாம், சக்கரமும் பெரிசாக வேண்டும், சக்கரம் பெரிசானால் டயர், டயர் மாறினால் ஸ்பிரிங். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனைக்குப் பாலுக்கு மாடு வாங்கின சாமியார் கதை. நடுப் பெட்டியை எடு கோகிலா, நடுவில் நிற்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு குரல். ஒன்றும் ஆகாதா, நீ நட்ட நடுவில் நேராகத்தானே சுவருக்குப் போனாய் என்று இன்னொன்று. வேனின் சொந்தக்காரர் கூப்பிட, சிவராசு மறுபடி வெளியே போனான்.

வெளியே வானம் மூடிக்கொண்டு வருகிறது, ஐப்பசி மழை, பெய்யவும் மாட்டேன் என்கிறது. என் வண்டி பக்கத்தில் சக்கரங்களை மறுபடி மாட்டிக்கொண்டு நிற்கிறது, ஓரத்தில் இன்னும் டிராக் மண். இந்த வண்டியை மாமா தொட்டதே இல்லை. வாங்கின நாளில் சுற்றிவந்து பார்த்துவிட்டு, ரெண்டு பேருக்கு மேல உக்கார முடியாதா என்று கேட்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். டிராக்குக்கு ஒரு நாள்கூட வந்ததில்லை, திரும்பி வந்தால் எப்படி இருந்தது என்று கேட்டதில்லை, கதவு திறக்கிற சத்தத்துக்கு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி பேப்பருக்குள் போய்விடுவார். பயம் என்று புரிந்துகொள்ளவே எனக்கு ரொம்ப நாளாயிற்று. இந்த வருஷம்தான் ஆயுத பூசைக்கு அவராகவே, உன் வண்டியையும் பட்டறைக்குக் கொண்டு வா, மிஷின்களோடு அதுக்கும் பூசை போட்டுரலாம் என்றார். உன் வண்டி என்றாலும், கொண்டு வா என்றாரே. எனக்கு உள்ளுக்குள் என்னமோ செய்தது. முந்தின நாள் சாயங்காலம் கொண்டுபோய் விட்டேன், பட்டறை ஆட்கள் மிஷின்களையும் வண்டியையும் சேர்த்தே கழுவினார்கள். காலையில் நான் போகும்போது லேத்து, டிரில்லிங் மிஷின் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு வரிசையில், கடைசியில் என் மஞ்சள் வண்டி, மாலையோடு. பொட்டு கோணலாக இருந்தது, அதனால் அவர்தான் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. சக்கரத்தின் இடைவெளிகளில் டிஸ்க் பளபளவென்று மின்னியது. அழகாக இருந்தது. பூசை முடிந்து பொரி சாப்பிட்டுவிட்டு லீவுக்காகப் பட்டறையைப் பூட்டினோம், வண்டி உள்ளேயே நின்றது, ஞாயிற்றுக்கிழமை லாரி அங்கேதான் வந்து ஏற்றியது.

பளபளவென்று மின்னியது. ஏன் மின்னியது? முந்தின நாள் கழுவின டிஸ்க். டிஸ்க் என்றால் வார்ப்பிரும்பு, வார்ப்பிரும்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை, அந்த வீட்டில்தான் வாழ்கிறேன். லேத்தில் கடைந்த வார்ப்பில் தண்ணீர் பட்டால் விடிவதற்குள் துருவேறிச் செவந்துபோகும். அது மின்னக் கூடாது. மின்னினால் யாரோ எதையோ, வேண்டாம், அதற்குள் போகாதே. பழைய பேடு ஒன்று கைக்கு எட்டுகிற தூரத்தில் கிடக்கிறது. எடுக்கிறேன். முகம் கறுத்து வழுவழுவென்று இருக்கிறது, கண்ணாடியாட்டம் என்றானே, அதுதான். எரிந்த பேடு எப்படி நாறும் என்று தெரியும், காரமாக மூக்கில் ஏறும். முகர்ந்து பார்க்கிறேன். அது இல்லை. இது எனக்கு வேறு எங்கோ தெரிந்த வாசனை, டிராக்கில் மண்ணுக்குள் நின்றபோதும் தூசியோடு சேர்ந்து இது வந்தது, பிரேக் வாசனை என்று விட்டுவிட்டேன். எங்கே, எங்கே. லீவு முடிந்து பட்டறை திறக்கிற காலை. முதல் மிஷின் ஓட ஆரம்பித்ததும் மேலே பூசிவைத்தது சூட்டில் லேசாகப் புகைகிற வாசனை. எங்கள் பட்டறையில் லீவு விடுவதற்கு முன் ஒரு வழக்கம், கடைந்த இரும்பு எதுவும் வெறும் மேலோடு நிற்கக் கூடாது, எண்ணெய்த் துணியால் எல்லாவற்றையும் ஒரு துடை துடைத்துவிட்டுத்தான் பூட்டுவோம். எல்லாவற்றையும். பேடைக் கீழே வைத்துவிட்டேன், மறுபடி எடுத்தேன். ஷெட்டுக்குள் காற்றே இல்லை. டிஸ்க்கில் எண்ணெய் என்றால் பெடல் உள்ளே போகாது. கல்லாகத்தான் நிற்கும், மிதிக்க மிதிக்க வழுக்கும். மிதித்தேன். நான் மிதித்தேன். சாமி, நான் மிதித்திருக்கிறேன். சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது, ஏனென்றால் போன் அடித்தது, மாமா.

"என்ன கண்ணு, முடிவு பண்ணிட்டியா?" பின்னால் லேத்து ஓடுகிற சத்தம். இல்லீங்க என்றேன். வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே, "மாமா, பூசைக்கு வண்டி அங்க நின்னுச்சே, சக்கரத்துக்குள்ள இருக்கற தட்டு, அதத் தொட்டீங்களா?" என்று கேட்டுவிட்டேன். "அதையா? பசங்க கழுவி உட்டுட்டுப் போயிட்டாங்க, காலைல வந்து பாத்தா நாலும் செவந்து கெடக்குது. லேத்துக்குத் தொடச்ச கையோட அதையும் நாந்தான் தொடச்சு உட்டேன்." அப்புறம் கூச்சமாக, "பளிச்சுன்னு இருந்துச்சல்ல? நீ ஒண்ணுமே சொல்லல, கவனிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்."

நாலு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வண்டியைத் தொட்டிருக்கிறார், குனிந்து, ஒவ்வொரு சக்கரமாக, விரலை உள்ளே விட்டு. அதுவும் நான் கவனிக்க வேண்டும் என்று. சொல்லாதே. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை, ஆயில் கொதித்தது என்று சிவராசுவே தீர்ப்புச் சொல்லிவிட்டான், சிவப்புப் பெட்டியை வாங்கு, பெரிசாகப் போட்டாயிற்று என்று அவருக்கும் நிம்மதி. அடுத்த பூசைக்கு அந்தப் பெரிய டிஸ்க்கையும் ஆசையாகத் துடைத்துவைப்பார். வண்டியை ஒளித்துவைத்துக்கொள்ளலாம், பூசைக்குக் கொண்டுபோகாமல் சாக்குச் சொல்லலாம், ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்கு. சொன்னால், இந்த மனிதரை எனக்குத் தெரியும், அந்த வண்டி இருக்கிற திசைக்கே இனி வரமாட்டார், என்னைப் பார்க்கும்போதெல்லாம் அதையே பார்ப்பார். எனக்கு அவர் தொட்டது வேண்டும். சாகாமல் இருக்கவும் வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தருகிற பெட்டி மேசைமேல் இல்லை. "லைன்ல இருக்கறயா?" என்றார். இருக்கிறேன். இவரிடம் பொய் சொல்லிக்கொண்டு அந்த வேகத்தில் திருப்பத்துக்குள் போக என்னால் முடியாது.

"மாமா, பிரேக்குல எண்ணெ பட்டா புடிக்காதுங்க."

லேத்து ஓடிக்கொண்டிருந்தது. "பட்டா?" என்றார்.

"அன்னைக்கு மண்ணுல சும்மா எறங்கலீங்க. வண்டி நிக்கவே இல்ல. செவுத்துக்கு ஒரு சாண் தள்ளித்தான் நின்னுச்சு."

அவர் யாரிடமோ நிறுத்து என்று சொன்னது கேட்டது. லேத்துச் சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது.  பிறகு, "நீ உள்ள இருந்தியா?" என்று கேட்டார்.

என்ன கேள்வி இது. "ஆமாங்க, நாந்தான் ஓட்டுனேன்."

"இரும்புல பொறந்து இரும்புல வளந்தவன் நானு. பிரேக்குத் தட்டுன்னு தெரியாமயா போச்சு. துருதான் கண்ணுல பட்டுச்சு, வேற ஒண்ணுமே தோணல." மூச்சு வாங்கினார். "நான் இனி அந்த வண்டிப் பக்கமே வரமாட்டேன் கோகிலா."

கண்ணு போய்க் கோகிலா வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தது, நல்ல கோபம், இத்தனை நாளாக என் காலின்மேல் காட்டிக்கொண்டிருந்த கோபம். சாகப் பார்த்தவள் நான், ஆறுதலும் நானே சொல்ல வேண்டுமா. "வரணும்" என்றேன், குரல் ஷெட்டுக்கு வெளியே கேட்டிருக்கும். "தட்டு நாலும் எண்ணெ எரிஞ்சு படிஞ்சு கெடக்குது. இங்க கழட்டி அங்க கொண்டு வரேன். லேத்துல மாட்டி மேலாப்புல ஒரு கட்டிங் எடுத்துக் குடுங்க. நீங்களே எடுங்க, பசங்ககிட்ட உடாதீங்க. முடிச்சுட்டு சோப்புத் தண்ணி ஊத்திக் கழுவுங்க, எண்ணெ தொடாதீங்க."

"என்னால ஆகாது. கை நடுங்குது."

"நடுங்கட்டும். எனக்குந்தான் காலு நடுங்குது. ஞாயித்துக்கெழம வரைக்கும் நேரமிருக்குது."

 சிவராசு வாசலில் வந்து நின்று என் முகத்தையும் மேசையையும் மாறி மாறிப் பார்த்தான். காகித உறையை எடுத்துக்கொண்டு சிவப்புப் பெட்டியை மூடினேன். வண்டியை ஜாக்கி போட்டு நாலு டிஸ்க்கையும் கழற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்க வாயெடுத்தவன் என்ன நினைத்தானோ, ஸ்பேனரைத் தேடிப் போனான். பயம் போய்விடவில்லை, வலது கால் இப்போதும் தரையை அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றேன். அந்தப் பக்கம் சாவிக்கொத்துச் சத்தம், ஷட்டர் பாதி இறங்குகிற சத்தம்.

"நீ ஒண்ணும் தூக்காத" என்றார் மாமா. "நாலும் நல்ல கனம். நான் வந்து எடுத்துக்கறேன்."